அறுபதுக்குக் கீழே எழுதியிருந்த எண்பது

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, அப்பாவின் கை ஆறி வருகிறது, நீயும் மருமகளும் பேரனும் சளி காய்ச்சல் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் எப்போதும் போலப் பேனாவை எடுத்தேன். இதுவரை எழுதியது மனதார எழுதியது. இனி எழுதப் போவதும் மனதார எழுதுவதுதான், ஆனால் கோபத்தோடு. நடுவில் மடித்து வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடாதே, உட்கார்ந்து கடைசி வரை படி. போனில் சொல்லலாம் என்றால் நீ இரண்டாவது வாக்கியத்திலேயே சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய், நானும் பேரன் குரல் கேட்டதும் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வைத்து மேய்த்தவள், சொந்தப் பிள்ளையிடம் மட்டும் வாய் அடைத்துப் போகிறேன். அதனால் காகிதம்.

ஏழு வாரத்துக்கு முன்னால் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். அப்பாவின் கை வெந்த அன்று சாயங்காலம், கட்டுப் போட்டுக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன், அவரால் போனைப் பிடிக்க முடியாது என்று மேசை மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். முதலில் கை எப்படி இருக்கிறது என்று கேட்டாய், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாய், அதெல்லாம் பிள்ளை கேட்க வேண்டியதுதான். அதன் பிறகு கேட்டாயே, "அம்மா, அப்பா லீவரை மெதுவா இறக்கினாரா, சட்டுனு இறக்கினாரா?" என்று. அவர் பக்கத்திலேயே இருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்னால் அவரே பதில் சொன்னார், "மெதுவாத்தான்பா இறக்கினேன்னு நினைக்கிறேன்" என்று. அதற்கு நீ ஒரே வார்த்தை சொன்னாய். "அதான்." அப்புறம், "மெதுவா இறக்கினா உள்ள பொறி அணையாம நின்னுடும்பா, இனிமே பாத்து செய்ங்க" என்றாய். நீ போனை வைத்துவிட்டுத் தூங்கப் போயிருப்பாய். அவர் அந்த "அதான்" என்ற வார்த்தையோடு ஏழு வாரமாக உட்கார்ந்திருக்கிறார்.

என்ன நடந்தது என்று நீ முழுதாகக் கேட்டுக்கொள்ளவே இல்லை, அதனால் எழுதுகிறேன். மாதத்துக்கு ஒருமுறை பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது அப்பாவின் வேலை என்று உனக்குத் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன்னால் நீ அந்தச் சோலாரைப் போட்டுக் கொடுத்தபோது சொல்லிக் கொடுத்தபடியே செய்வார். முதலில் பேனலிலிருந்து வரும் மின்சாரத்தை நிறுத்துகிற பிரேக்கரை இறக்குவது, பிறகு பேட்டரி பிரேக்கர், பிறகு கண்ணாடி, கையுறை, புனல். பேருந்து எடுக்கும் முன்னால் நான்கு டயரையும் தட்டிப் பார்த்தே பழகின மனிதர், வரிசை மாற்ற மாட்டார். எப்போதும் வெயில் இறங்கிய பிறகு ஆறு மணிக்குச் செய்வார். அன்றைக்குச் சாயங்காலம் அவர் ஓட்டுகிற கிளினிக் வண்டியில் யாரையோ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது, அதனால் காலை பத்தரைக்கே ஊற்றிவிடலாம் என்று போனார். முதல்நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது, காற்று சில்லென்று இருந்தது, வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். பேனல் பிரேக்கரை இறக்கிய சத்தம் டக்கென்று கேட்டது. அதோடு சூடான எண்ணெயில் தண்ணீர் பட்ட மாதிரி ஒரு சர்ர்ர், அது நிற்கவே இல்லை. பெட்டியின் இடுக்கு வழியாக வெல்டிங் கடையில் தெரியுமே அந்த வெளிச்சம். லீவர் சரியாக இறங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அவர் அதைத் திரும்ப மேலே தள்ளப் பார்த்திருக்கிறார். அதற்குள் பிளாஸ்டிக் இளகிப் போயிருந்தது. மூன்று விரலின் தோலும் உள்ளங்கைத் தோலும் அதில் ஒட்டிக்கொண்டு வந்தன. அந்த நிலையிலும் அவர் போட்ட சத்தம் "ஐயோ" இல்லை, "டீச்சர், கிட்ட வராதே" என்பதுதான்.

அணைக்கிற சுவிட்சே எரிகிறது, அதை எந்தச் சுவிட்சைப் போட்டு அணைப்பது. எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது, இதற்கெல்லாம் மூலம் வெயில், வெயிலை மூடு. பக்கத்து வீட்டுத் தையற்காரியைக் கூப்பிட்டேன், அவள் கடையிலிருந்து கறுப்பு லைனிங் துணியைக் கட்டோடு தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள், நான் கட்டில் போர்வைகளை உருவினேன். முழங்கால் வலிக்காரி, பின்பக்க ஷெட் ஏணியில் எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது. அவள் கீழிருந்து எறிய நான் மேலே விரித்தேன். "அக்கா, நீங்க விழுந்தா நான் யாரை மொதல்ல தூக்குறது, ஒழுங்கா உக்காந்து விரிங்க" என்று அந்த நேரத்திலும் திட்டினாள். ஆறு பேனலில் ஐந்தாவதை மூடியதும் உள்ளே சத்தம் நின்றது. ஜன்னல் திரையைத் துவைத்து மூன்று முறை காயப்போட்டும் இன்னும் அந்தக் கருகிய வாடை போகவில்லை.

மறுநாள் மோட்டார் கட்டுகிறவரைக் கூப்பிட்டேன், உனக்குத் தெரியுமே, பேசிக்கொண்டே இருக்கும்போது பாதி வாக்கியத்தில் கப்பென்று மௌனமாகிவிடுவாரே, ஊரே அவரை ஃபியூஸ் என்று கூப்பிடுமே, அவர்தான். வந்து பெட்டியைத் திறந்தார், கரிக்கட்டையாக இருந்த பிரேக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் உன் கேள்வியை அவரிடம் கேட்டேன். மெதுவாக இறக்கினால் இப்படி ஆகுமா என்று. அவர் தன் பையிலிருந்து வேறொரு பிரேக்கரை எடுத்து என் கையில் கொடுத்து, "டீச்சரம்மா, இதை எவ்வளவு மெதுவா முடியுமோ அவ்வளவு மெதுவா இறக்குங்க பாப்போம்" என்றார். இறக்கினேன். பாதி வரைதான் என் விரல் சொன்னபடி கேட்டது, அதற்குப் பிறகு உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தானாகவே டக்கென்று தட்டிவிட்டது. பத்து முறை செய்து பார்த்தேன், பத்து முறையும் அதே டக். "இறக்குற ஆளு பச்சைக் குழந்தையா இருந்தாலும் ஒண்ணுதான், பயில்வானா இருந்தாலும் ஒண்ணுதான். சாருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார். அதாவது நீ கேட்ட கேள்விக்கே வேலை இல்லை. இதே தொழிலில் இருக்கிறவன் நீ, இது உனக்குத் தெரியாது என்று என்னிடம் சொல்லாதே, நம்ப மாட்டேன்.

அப்புறம் அவர் பேனல் மேலிருந்த துணியை எடுக்கச் சொல்லிவிட்டு, மீட்டரை வைத்துப் பேனல் ஒயரில் வோல்ட்டை அளந்தார். நூற்று முப்பத்தாறு. திரும்ப அளந்தார், அதேதான். "இந்த வீட்டுல நாப்பத்தஞ்சுக்கு மேல நான் பாத்ததே இல்லையே, யாரு கை வச்சா?" என்று கேட்டார். நீ போன வருடம் லீவில் வந்தபோது பேட்டரிக்குச் சார்ஜ் விடுகிற பழைய கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டுப் புதிய மாதிரி ஒன்றைப் போட்டதையும், அதற்காக ஷெட் மேல் ஏறிப் பேனல் ஒயர்களை எல்லாம் மாற்றிக் கட்டினதையும் சொன்னேன். பக்கத்து வீட்டுத் தையற்காரிக்கும் அந்த வாரமே செய்து கொடுத்தாய், கிளினிக்குக்கும் செய்து கொடுத்தாய். மூன்று இடத்திலும் முன்பு போட்டிருந்தது நீ ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கின பிரேக்கர்தான். நம் வீட்டுப் பிரேக்கரில் எழுத்தெல்லாம் கரிந்துவிட்டது, அதனால் அவர் தையற்காரி வீட்டுப் பெட்டியைத் திறந்து துணியால் துடைத்துவிட்டு என்னைப் படிக்கச் சொன்னார். பெரிய எழுத்தில் அறுபது ஆம்பியர் என்று இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தால் அதற்குக் கீழே எறும்பு அளவு எழுத்தில் எண்பது வோல்ட் என்று இருந்தது. நான் வாசித்ததும் ஃபியூஸ் மீட்டரைப் பைக்குள் போட்டார். தையற்காரிதான், "எம்பதுக்குள்ள நூத்தி முப்பத்தாறு எப்படிக்கா போகும், எனக்கு ஜாக்கெட் அளவே தெரியும், இது கூடவா தெரியாது" என்றாள்.

அன்று ராத்திரி நான் உனக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்று எழுதுகிறேன், மாற்றி எழுதினால் சொல். "அம்மா, பேனலை மூணு மூணா சீரிஸ்ல போட்டா கரண்டு மூணுல ஒண்ணா குறைஞ்சிடும். அந்தப் பிரேக்கருக்கு இப்ப முன்னைவிட லோடு கம்மி. அது இன்னும் நல்லதுதான். ஃபியூஸ் அண்ணனுக்கு மோட்டார் தெரியும், சோலார் தெரியாது. நீங்க கணக்கு டீச்சர், இதை எங்கிட்ட விட்டுடுங்க" என்றாய். நான் கணக்கு டீச்சர்தான். அதனால்தான் விடவில்லை. என் பிள்ளைகளுக்குச் சொல்வது போல உனக்கும் ஒரு உதாரணம் சொல்கிறேன், கேட்டுக்கொள். வகுப்பில் ஆறு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆறு பேரும் தோளோடு தோள் உரசி ஒரே வரிசையாக வாசலைத் தாண்ட வேண்டும் என்றால் கதவு அகலமாக இருக்க வேண்டும், உயரம் ஒரு பிள்ளை உயரம் இருந்தால் போதும். அதுதான் நீ முதலில் போட்டது, எல்லாப் பேனலும் பக்கத்தில் பக்கத்தில், வோல்ட் நாற்பத்து நான்கு, ஆம்பியர் நிறைய. இப்போது அதே ஆறு பேரை மூன்று மூன்று பேராக ஒருவர் தோள் மேல் ஒருவர் ஏறி நிற்கச் சொல்கிறாய். வாசலுக்கு இப்போது இரண்டு பேர் அகலம்தான் தேவை, நீ சொன்னது சரி, மூன்றில் ஒரு பங்கு. ஆனால் உயரம் மூன்று பிள்ளை உயரம் ஆகிவிட்டது. நீ கதவின் அகலத்தை அளந்து பார்த்துவிட்டு, ஆகா முன்னைவிடத் தாராளம் என்று சந்தோஷப்பட்டாய். மேலே நிற்கிற பிள்ளையின் நெற்றி கதவு நிலையின் மேல்சட்டத்தில் மோதும் என்று யோசிக்கவில்லை. அறுபது என்பது அகலம், எண்பது என்பது உயரம். இரண்டையும் ஒரே கதவில்தான் எழுதியிருக்கிறான், நீ பெரிய எழுத்தை மட்டும் படித்தாய்.

உயரம் கூடினால் என்ன, ஒயர் தாங்குகிறதே, பத்து மாதம் ஓடினதே என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். ஃபியூஸ் பள்ளிக்கூடப் பசை டப்பாவைக் கேட்டு வாங்கி இரண்டு விரலில் தொட்டுக்கொண்டு மெல்லப் பிரித்துக் காட்டினார். கொஞ்சப் பசை என்றால் விரல் லேசாக விலகியதும் நூல் அறுந்துவிடுகிறது. கெட்டிப் பசையாக நிறைய எடுத்தால் அதே தூரத்துக்கு நூல் அறுவதே இல்லை, நீண்டுகொண்டே நிற்கிறது. பிரேக்கருக்குள் இரண்டு உலோகத் துண்டு விலகும்போது நடுவில் நிற்கும் பொறியும் அப்படித்தானாம். எண்பது வோல்ட் வரைக்கும் அறுக்கிற அளவுக்குத்தான் உள்ளே இடைவெளி வைத்துச் செய்திருக்கிறார்கள், நூற்று முப்பத்தாறு வந்தால் விலகியும் விலகாத மாதிரி பொறி பாலம் கட்டிக்கொண்டு நிற்கும், சுற்றியிருப்பதை உருக்கும். வீட்டு மின்சாரம் என்றால் விநாடிக்கு நூறு தடவை அதுவே ஒரு கணம் ஓய்ந்து எழும், அந்த ஓய்வில் பொறி செத்துவிடும், சோலாரில் வருவது ஓயாமல் ஒரே திசையில் தள்ளிக்கொண்டே இருக்கும் என்றார். குளிர்ந்த காலையில் பேனல் வோல்ட் இன்னும் ஏறும் என்றும் சொன்னார். இத்தனை நாள் ஒன்றும் ஆகாததற்குக் காரணம், அப்பா வெயில் இறங்கின பிறகு இறக்கிக்கொண்டிருந்தார் என்பது மட்டும்தான். நிற்கிற வண்டியில் மட்டும் பிடிக்கிற பிரேக்கை ஒருவன் பேருந்தில் மாட்டிக் கொடுத்தால் அதை ஓட்டுகிறவர் மேல் குற்றமா. இதை அப்பாவிடமே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நான் எப்பவும் போல ஆறு மணிக்குப் போயிருக்கணும் டீச்சர்" என்றார்.

மறுநாள் மத்தியானம் உன்னிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. நான்கு வரி. ஃபியூஸ் அண்ணன் சொன்னது சரி, பேனலின் அட்டையைத் திரும்பப் பார்த்தேன், பிரேக்கரையும் சேர்த்து மாற்றியிருக்க வேண்டும், சரியானதை மூன்று இடத்துக்கும் அனுப்புகிறேன் என்று. சரி, ஒப்புக்கொண்டான் என்று மனம் இளகிக்கொண்டு வரும்போது கடைசி வரியைப் படித்தேன். "அப்பாகிட்ட எதுவும் சொல்ல வேணாம், பதறிப்போவாரு." என் கோபம் பிரேக்கர் மேல் இல்லையடா, அந்த வரி மேல்தான். தப்பு யாருக்கும் வரும். ஆனால் தப்பை என்னிடம் ரகசியமாகக் கொடுத்துவிட்டு, பழியை அவரிடமே விட்டுவைத்தாயே. அவர் பதறிப்போவார் என்கிறாய். அவர் எதற்குப் பதறுவார், மகன் ஒரு எண்ணைப் பார்க்காமல் விட்டான் என்பதற்கா. நீ பதறுகிறாய். நம்ம இன்ஜினியர், நம்ம இன்ஜினியர் என்று அவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாரே, அந்தப் பேரில் ஒரு கீறல் விழுந்துவிடுமோ என்று நீ பதறுகிறாய்.

அவர் எப்படி இருக்கிறார் என்று போனில் கேட்கும்போதெல்லாம் கை நன்றாக ஆறுகிறது என்கிறேன். மற்றதை இப்போது சொல்கிறேன். பேட்டரி அறைப் பக்கம் அவர் போவதில்லை. அறைச் சாவியை ஃபியூஸிடம் கொடுத்துவிட்டார், நீங்களே மாதாமாதம் வந்து பாருங்கள் என்று. ஃபேன் போட வேண்டும் என்றால் என்னைக் கூப்பிடுகிறார், "டீச்சர், அந்த ஃபேனைக் கொஞ்சம் போடு" என்று, சுவிட்ச் அவர் தலைக்கு மேலேயே இருக்கிறது. முதலில் கை வலி என்று நினைத்தேன், இடது கை நன்றாகத்தானே இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை கிளினிக்கிலிருந்து நர்ஸம்மா வந்தாள். கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, விரல் எல்லாம் நன்றாக மடங்குகிறது, இன்னும் பத்து நாளில் வண்டி எடுக்கலாம் என்றாள். அதற்கு அவர், "இல்லம்மா, வேற ஆளைப் பாத்துக்குங்க. எனக்கு நிதானம் தப்பிடுச்சு. ஒரு லீவரை ஒழுங்கா இறக்கத் தெரியாதவன் நோயாளியை வச்சு வண்டி ஓட்டக் கூடாது" என்று சொன்னார். முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டி ஒரு கோழிக்குஞ்சின் மேல் ஏற்றாத மனிதர். வாரத்தில் இரண்டு நாள் அந்தக் கிளினிக் வண்டிக்காகத்தான் அவர் சட்டைக்குப் பெட்டி போடுவதும், காலையில் பாட்டு முணுமுணுப்பதும். நர்ஸம்மா பிடிவாதக்காரி, "சார், உங்க பிரேக்குல பின்னாடி படுத்திருக்கிறவங்க தலையணை கூட நகராது, இன்னொரு ஆளு ஓட்டினா நான் மருந்து பாட்டிலை மடியில வச்சுக்கிட்டு வரணும். மாசக் கடைசி வரைக்கும் உங்க இடத்தை யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மாதக் கடைசிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எத்தனை மிச்சம் இருக்கும் என்று நீயே கழித்துப் பார்த்துக்கொள்.

நான் சொல்லாமல் இருந்திருப்பேன் என்று நினைக்கிறாயா. நீ வேண்டாம் என்ற அன்றைக்கே சொன்னேன். "நீ என்னைத் தேத்துறதுக்குச் சொல்ற" என்றார். உன் குறுஞ்செய்தியைக் காட்டினேன், படித்தார், திரும்பப் படித்தார். "நீ போய் அவன்கிட்ட சண்டை போட்டிருப்ப, அவன் உனக்காக இப்படி எழுதியிருக்கான். என் காது கேக்கச் சொன்னானே, அதான்னு, அது பொய்யா" என்று கேட்டார். ஃபியூஸும் சொல்லிப் பார்த்தார், ஸ்பிரிங்கைக் காட்டினார். "உங்களுக்கு நல்ல மனசு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டு வாரத்துக்கு முன்னால் உன் பார்சல் வந்தது. ஒரு கையால் பிரித்தார். புதிய பிரேக்கர்கள், இருநூற்றைம்பது வோல்ட் என்று பெரிதாகவே எழுதியிருந்தது, மூன்றையும் மேசை மேல் வரிசையாக வைத்தார். பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார், ஏதாவது சீட்டு இருக்குமோ என்று. ஒன்றும் இல்லை. பேரன் வரைந்த படம் ஒன்று இருந்தது, அதைத் தனியாக எடுத்து வைத்தார். பிறகு என்னிடம், "பாரு, நான் கெடுத்ததுக்கு அவன் செலவு பண்ணி வாங்கி அனுப்பியிருக்கான், ஒரு வார்த்தை கடிஞ்சு சொல்லல, நல்ல பிள்ளை" என்றார். நான் எழுந்து பின்பக்கம் போய் ஒன்றும் இல்லாத கொடியில் துணி எடுப்பது போல நின்றேன். அந்த நிமிடம் நீ என் எதிரில் இருந்திருந்தால், உனக்கு நாற்பது வயதாகிறது என்பதை நான் மறந்திருப்பேன்.

மற்ற இரண்டு இடத்தையும் நான்தான் பார்த்தேன். ஃபியூஸ் புதிய பிரேக்கரை மாட்டும் வரை, வெயில் இருக்கும்போது யாரும் பேனல் பிரேக்கரைத் தொடக் கூடாது, தொட வேண்டியிருந்தால் முதலில் பேனலைப் போர்த்து என்று எழுதி இரண்டு பெட்டியிலும் ஒட்டினேன். தையற்காரி, "உங்க பையன் போட்டதுதானேக்கா, அவரே சொல்லட்டும்" என்றாள். "என் பையன் போட்டதுதான், என் பையன் தப்பாப் போட்டதுதான்" என்று அவள் வாசலில் நின்று சொன்னேன். கிளினிக்கில் நான்கு பேர் காத்திருக்கும் இடத்தில் அதையே சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. எனக்கு முன்பே ஒருமுறை பழக்கம் உண்டு, வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் பலகையில் எண்பத்தாறு என்பதை அறுபத்தெட்டு என்று எழுதிவிட்டேன், வகுப்பு முழுக்கத் தப்பு விடை, எல்லாருக்கும் சிவப்பு மை போட்டு அனுப்பினேன். ஒரு பெண் வீட்டில் அடி வாங்கிக்கொண்டு வந்தாள். மறுநாள் பலகைக்கு முன்னால் நின்று தப்பு என்னுடையது என்றேன், அதோடு விடாமல் அவள் வீட்டுக்கும் போய் அவள் அப்பாவிடம் சொன்னேன். சொல்லி முடிக்கக் கால் நிமிடம் ஆகவில்லை. அந்தக் கால் நிமிடத்துக்குப் பயந்துகொண்டு நீ ஏழு வாரம் ஓட்டியிருக்கிறாய்.

வேறு செய்தி என்றால், உன் தங்கை அடுத்த மாதம் பத்து நாள் வந்து இருக்கிறேன் என்றிருக்கிறாள். மேல்தொட்டிக் குழாய் ஒழுகியது, மாற்றியாகிவிட்டது. என் முழங்காலுக்கு ஏணி ஏறினதில் வீக்கம் வந்து வடிந்தது. மருமகளுக்குப் பரீட்சை முடிந்ததா, அவள் படிக்கும்போது பேரனை நீ வெளியே கூட்டிக்கொண்டு போ, இரண்டு பேரும் ஒரே அறையில் கத்திக்கொண்டிருந்தால் யார்தான் படிப்பது. பேரனின் ஆடின பல் விழுந்ததா என்று தாத்தா இரண்டு முறை கேட்டுவிட்டார். இன்னொன்று, அங்கே நீ சம்பளத்துக்குச் செய்வதும் இதே வேலைதானே, பழைய சோலாரைப் புதிதாக்கிக் கொடுப்பது. எத்தனை வீட்டில் கன்ட்ரோலரை மாற்றிவிட்டுப் பழைய பிரேக்கரை அப்படியே விட்டிருக்கிறாய் என்று உன் நோட்டைத் திறந்து பார். அந்த வீடுகளிலும் யாராவது ஒரு அப்பா மாதத்துக்கு ஒருமுறை அந்த அறைக்குப் போகிறவராக இருப்பார். பேனலின் முதுகில் எழுதியிருக்கும் வோல்ட்டை எத்தனை பேனல் வரிசையாக இருக்கிறதோ அத்தனையால் பெருக்கு, குளிருக்காகக் கால் பங்கு கூட்டு, பிரேக்கரில் இருக்கும் வோல்ட் அதைவிடப் பெரிதா என்று பார், ஒரே திசையில் ஓடுகிற மின்சாரத்துக்கானது, அதாவது டி.சி. என்று எழுதியிருக்கிறதா என்றும் பார். மூன்றாம் வகுப்புக் கணக்கு.

இவ்வளவு திட்டியும் உன் மேல் எனக்கு வெறுப்பு ஒரு துளி இல்லை. வெறுப்பு இருந்தால் ஒன்பது பக்கம் எழுத மாட்டேன். நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு, கை கால் சுகத்தோடு, மனதில் மறைப்பதற்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. அப்பா தினமும் காலை ஏழரை மணிக்கு டீ குடித்துவிட்டு முன்னறையில் தனியாக உட்கார்ந்திருப்பார், அந்த நேரத்துக்கு நான் பால் வாங்கப் போய்விடுவேன், போன் அவர் பக்கத்திலேயே இருக்கும், ஸ்பீக்கர் தேவை இல்லை, இடது கையால் பிடித்துக்கொள்வார். நீ எண்ணை அழுத்தும் முன்னால் உன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "அப்பா, நீங்க இறக்கினதுல ஒரு தப்பும் இல்ல, நான்தான் பிரேக்கரை மாத்தாம விட்டேன்" என்பதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்.

இப்படிக்கு,
உன் அம்மா